பின்னோக்கி எண்ணுங்கள்

எங்கள் தொழிலில் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் நோயாளி நம்மை மறந்துவிடுவார். அறுவை செய்தவருக்குப் பழத்தட்டு வரும். குழந்தையை வெளியே எடுத்தவருக்கு இனிப்புப் பெட்டி வரும். நான் மயக்க மருந்து டாக்டர். மறுநாள் வார்டுக்குப் போனால், "நீங்க யாரும்மா?" என்ற கேள்விதான் வரும்.

இருபத்திரண்டு வருடமாகக் காஞ்சிபுரத்து நர்சிங் ஹோம்களுக்கு ஒன்று மாற்றி ஒன்றாக ஸ்கூட்டரில் போய் வருகிறேன். நீங்களும் ஒருநாள் பச்சைத் துணி போர்த்திக்கொண்டு குளிர்ந்த மேஜையில் படுத்திருப்பீர்கள். தலைக்கு மேலே வட்ட விளக்கு. யாரோ ஒருத்தி காதருகே குனிந்து, "பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்க" என்றிருப்பாள். ஏழு வரைக்கும் போயிருப்பீர்கள். ஆறு எங்கே போயிற்று என்று இன்றுவரை உங்களுக்குத் தெரியாது. கவலைப்படாதீர்கள், எனக்கும் தெரியாது. தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

அறுத்தெடுத்த பொழுது

கோயில் வாசலில் பூ விற்கும் கஸ்தூரிக்குப் பித்தப்பையில் கல். காலை ஒன்பதரைக்கு மயக்கம் கொடுத்தேன். பதினொன்றுக்கு எல்லாம் முடிந்து, கண் திறந்து, பெயர் சொல்லி, கையை அழுத்தச் சொன்னதும் அழுத்தினார். எல்லாம் சரி என்று நான் திரும்பும்போது, "இன்னும் எப்பம்மா ஆரம்பிப்பீங்க? வெயில் ஏறிக்கினு போவுது, பூவெல்லாம் வாடிடும்" என்றார்.

முடிந்துவிட்டது என்றேன். நம்பவில்லை. வெளியே எடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டு வைத்திருந்தோம். அதைக் குலுக்கிக் காட்டினேன். வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பாட்டிலையும் வயிற்றையும் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். தூங்கி எழுந்தால் தூங்கினோம் என்ற ஒரு நினைப்பு உடம்பில் இருக்கும் அல்லவா? புரண்டு படுத்தது, நடுவில் தாகம் எடுத்தது, ஏதோ கனவு வந்து போனது என்று. எங்கள் மருந்து அந்த நினைப்பைக்கூட விட்டுவைப்பதில்லை. இதைப் பாடப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. கஸ்தூரி பூவை அளக்கிற மாதிரி முழங்கையை மடக்கிக் காட்டிச் சொன்னார்: "தூங்குனாப்பலயே இல்லம்மா. என் பொழுதுல ஒரு முழம் யாரோ அறுத்து எடுத்துக்கினு போயி, ரெண்டு முனையும் சேத்து முடிச்சு போட்ட மாதிரி இருக்குது."

தறி ஓடிய மேஜை

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவருக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போயிருந்தன. கையை மட்டும் மரக்கச் செய்து, கூடவே அரைத் தூக்கத்துக்கு ஒரு ஊசி. அறுவை ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும், போர்த்திய துணிக்குக் கீழே கால்கள் அசையத் தொடங்கின. வலது, இடது, வலது, இடது. வலி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பச்சைக் குழந்தையின் முகம். கால்கள் மட்டும் தறிப் பள்ளத்தில் மிதியை மிதித்துக்கொண்டிருந்தன, ஒரே தாளத்தில், கொஞ்சமும் பிசகாமல். மேஜை ஆடுகிறது என்று சர்ஜன் முணுமுணுத்தார். அந்தத் தாளத்தை நிறுத்த எனக்கு மனமில்லை. கூட இருந்த நர்ஸ் தேவகி சிஸ்டரிடம் கால்களை மெதுவாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பிடித்தார், அவருடைய கையும் சேர்ந்து ஆடிற்று. வெளியே வந்து அவர் மனைவியிடம் இதைச் சொன்னபோது அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "வூட்லயும் இதே கதைதான் டாக்டரம்மா. தூக்கத்துல விடிய விடிய தறி ஓட்டுவாரு, காலையில எழுந்து பாத்தா ஒரு இழை கூட ஏறியிருக்காது."

சொல்லாமல் போட்டுடுங்க

கூரம் தாண்டி ஒரு கிராமம். அங்கே நெல் வியாபாரம் செய்யும் ஜைனக் குடும்பத்துப் பெரியவர் தரணேந்திர நயினார், கழுத்தில் தைராய்டு கட்டியோடு வந்தார். முந்தின நாள் ராத்திரி எதுவும் சாப்பிடக் கூடாது என்று எல்லா நோயாளிகளிடமும் சொல்லிப் புரியவைக்கத் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். இவரோ, "பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதே இல்லையேம்மா" என்றார். இப்படி ஒரு நோயாளி கிடைத்தாரே என்று நான் மகிழ்ந்த மகிழ்ச்சி, அவர் அடுத்த கேள்வி கேட்கும் வரைதான். "ஊசி மருந்துல ஜீவராசி சம்பந்தப்பட்டது எதனா இருக்குதா?"

நாங்கள் வழக்கமாகப் போடும் மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்த ஒரு பொருள் உண்டு. பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். பின்னாலேயே மகன் வந்தார். "டாக்டர், சொல்லாம போட்டுடுங்க. அவரு தூங்கத்தானே போறாரு, அவருக்குத் தெரியவா போவுது?" கெட்ட மனிதரில்லை, அப்பா சீக்கிரம் நல்லபடியாக எழ வேண்டும் என்ற பயம்தான். எனக்கும் அதுதான் சுலபம். என் தொழிலில் எல்லாமே அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது: அவருக்குத் தெரியவா போகிறது. அதனாலேயே திரும்ப உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய மருந்து ஒன்று இருக்கிறது, மஞ்சள் தூள், முட்டை கிடையாது, ஆனால் தெளிய நேரமாகும் என்றும் சொன்னேன். கண்ணை மூடி யோசித்தார். "தூளே போடும்மா" என்றார்.

நேரமாகத்தான் செய்தது. கூப்பிட்டால் கண் திறப்பார், ம் என்பார், மறுபடி போய்விடுவார். மத்தியானம் இரண்டு மணி வரை மகன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, "அப்பா, எழுந்திரிப்பா, எழுந்திரிப்பா" என்று தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். கடைசியில் நயினார் ஒரு கண்ணை மட்டும் திறந்து, தடித்த நாக்கோடு மகனிடம் சொன்னார்: "அவசரப்படாதடா. எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துக்கினு இருக்கேன் தெரியுமா?"

முந்தானை விரித்தவர்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்தார் சேகர். குடல்வால் அறுவை. குடிப் பழக்கம் உண்டா என்று கேட்டேன். பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு மாமனார். சேகர் அதிர்ச்சியடைந்த முகத்தோடு, "சேச்சே" என்றார். மேஜையில் ஏற்றி, அவர் எடைக்கு என்ன மருந்தோ அதைக் கொடுத்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். "ஏசி நல்லா இருக்குது மேடம்" என்றார். தினமும் குடிக்கிற உடம்பு எங்கள் மருந்தை அவ்வளவு லேசில் மதிக்காது. சந்தேகம் அப்போதே வந்தது. எப்படியோ தூங்க வைத்து, அறுவையும் முடிந்தது.

மூன்றாம் நாள் காலை தேவகி சிஸ்டர் ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் சேகர் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கைகள் நடுங்குகின்றன, உடம்பெல்லாம் வேர்வை. படுக்கை விரிப்பை உருவி எடுத்து, மடித்து, உதறி, மடிமேல் வீசி விரிக்கிறார். எதிரே யாரும் இல்லை. "பாருங்கம்மா, முந்தி பாருங்க. மயில் கழுத்து கலரு, அரக்கு பார்டரு. வேணாமா? வேற எடுக்கறேன் இருங்க." பல வருடப் பழக்கம், துணி அவர் கையில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. தினமும் குடித்த உடம்புக்கு மூன்று நாள் சாராயம் நின்றால் மூளை இப்படிப் பற்றிக்கொள்ளும். வேடிக்கை இல்லை, உயிருக்கே ஆபத்து. நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும், அவரோ கையைத் தர மறுக்கிறார், கடையில் கூட்டம் நிற்கிறதாம். பிடிக்கப் போன இரண்டு பேரையும் தள்ளிவிட்டார். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "இது கொஞ்சம் அழுத்தமா இருக்குதுப்பா. வேற கலரு காட்டு" என்றார். சேகர் முகம் மலர்ந்துபோயிற்று. மாமனார் ஐந்தாறு புடவை பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னார். அதற்குள் நான் இடது கையில் ஊசியை ஏற்றிவிட்டேன்.

ஒரு வாரத்தில் தெளிந்தார். புடவை காட்டியது எதுவும் அவருக்கு நினைவில்லை, மாமனாரும் சொல்லவில்லை. போதை மறுவாழ்வு மையத்துக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்றேன். சேகர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு சொன்னார்: "பக்கத்துல மாமனார் நின்னுக்கினு இருந்தாரு மேடம். அந்த நேரத்துல நீங்க கேட்டா, வெறும் தண்ணி கூடக் குடிக்கறது இல்லைன்னுதான் சொல்லுவேன்."

ஆற்றுக்குப் போகும் வழி

செல்வி சாயப்பட்டறையில் வேலை செய்தவள். கொதிக்கும் சாயத் தொட்டி சரிந்து, வலது தொடையிலிருந்து பாதம் வரை வெந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வலியைச் சாதாரண மருந்தால் அடக்க முடியாது. கெட்டமைன் கொடுத்தோம். விசித்திரமான மருந்து அது. ஆளை முழுக்கத் தூங்க வைக்காது. கண் திறந்தே இருக்கும், உடம்பு இங்கே இருக்கும், ஆள் மட்டும் எழுந்து வேறெங்கோ போய்விடுவார். போகும்போது மனதில் என்ன இருந்ததோ அது அங்கே பல மடங்கு பெரிதாகி நிற்கும். முதல் நாள் அறை முழுக்கச் சத்தம். யாருடைய போனோ அடித்தது, தட்டு ஒன்று கீழே விழுந்தது. செல்வி அலறிக்கொண்டே எழுந்தாள். அடியே இல்லாத சிவப்புத் தொட்டிக்குள் விழுந்துகொண்டே இருந்தாளாம். அடுத்த முறை ஊசியைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள். "கட்டே பிரிக்க வேணாம், இப்படியே செத்துப்போறேன்" என்று அழுதாள். பிரிக்காவிட்டால் புண் சீழ்பிடிக்கும், காலே போய்விடலாம்.

போன்களை வெளியே வைக்கச் சொன்னேன். விளக்கைக் குறைத்தேன். கூடவே பதற்றத்தைக் குறைக்கும் ஊசி ஒன்றையும் சேர்த்தேன். பிறகு அவள் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "உனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு சொல்லு, அங்க போகலாம்" என்றேன். திருமுக்கூடல் என்றாள். மூன்று ஆறு கூடும் இடம், பெரும்பாலும் மணல்தான். ஒரு மழைக்காலத்தில் பிள்ளைகளோடு போனபோது தண்ணீர் கரை தொட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறாள். எப்படிப் போனே, எந்த பஸ், யார் ஜன்னலோரம் என்று கேட்டுக்கொண்டே மெதுவாக மருந்தை ஏற்றினேன். அன்றைக்கு அலறவில்லை. எழுந்ததும், "பஸ்ஸு விட்டு எறங்கிட்டேம்மா" என்றாள். அடுத்த முறை கோயில் மதிலோரம் நடந்து, கல்லில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவினாளாம். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தனவாம். அடுத்த முறை மணல். காலுக்கடியில் குளுகுளுவென்று, நடக்க நடக்க நீண்டுகொண்டே போயிற்றாம். தண்ணீர் தூரத்தில் மினுங்கியது, சத்தம் கேட்டது, கால் வைக்கத்தான் முடியவில்லை.

நானும் ஒவ்வொரு முறையும் இன்றைக்கு எட்டிவிடுவாளா என்று காத்திருக்க ஆரம்பித்தேன். இதை வெளியே சொன்னதில்லை. ஆனால் ஊசியின் மேல் அவள் முகத்தில் வர ஆரம்பித்த ஆவலையும் கவனித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்தேன். அதற்குள் இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டது. கடைசிக் கட்டை வெறும் மாத்திரையோடு பிரித்துவிடலாம், ஊசி தேவையில்லை என்று ஒருநாள் சொன்னேன். மகிழ்வாள் என்று நினைத்தேன். காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னும் நாலு எட்டுதான்மா பாக்கி. ஆத்துல கால் வெக்கறதுக்குள்ள புண்ணு ஆறிப்போச்சே."

அழாத குழந்தை

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ரேவதி பள்ளி ஆசிரியை, முதல் பிரசவம். வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. முதுகில் ஊசி போட்டு மரக்க வைக்கக்கூட நேரமில்லை. முழு மயக்கம்தான். இப்படிப்பட்ட அவசரத்தில் குழந்தை வெளியே வரும்வரை தாய்க்கு மயக்க மருந்தை அளந்து, குறைவாகத்தான் கொடுப்போம், இல்லாவிட்டால் குழந்தையும் மயங்கிவிடும். அசையாமலிருக்க இன்னொரு மருந்து. எங்கள் தொழிலின் மெல்லிய கயிறு அது. அன்றைக்கு அந்தக் கயிறு என் கையில் வழுக்கியிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

மூன்றாம் நாள் தேவகி சிஸ்டர் சொன்னார், ரேவதி வந்ததிலிருந்து ஒரு பொட்டுத் தூங்கவில்லை, தொட்டிலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. ஆபரேஷனில் பேசியதைக் கேட்டதாகச் சொல்கிறாளாம். கனவு என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா கையில் கயிறு மந்திரித்துக் கட்டியிருந்தார். நான் போய் உட்கார்ந்து என்ன கேட்டது என்றேன். "யாரோ 'அழலையே, அழலையே'ன்னாங்க. ஏதோ பாத்திரம் விழுந்தது. நீங்க 'தேவகி, பாதத்துல தட்டு'ன்னு சொன்னீங்க. நான் கத்தறேன் மேடம், வாயே அசையல." ஒரு சொல் பிசகில்லை. கனவும்மா என்று நானும் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். என்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "நீ கேட்டதெல்லாம் நிஜம்" என்றேன். ஏன் அப்படி ஆயிற்று என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா என்னை முறைத்தார். ரேவதி மட்டும் முதல் முறையாகத் தொட்டிலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தையை எடுத்ததும் நான் மருந்தைக் கூட்டினேன், அவள் ஆழ்ந்துபோனாள். 'அழலையே', 'பாதத்துல தட்டு' என்றது வரை கேட்டவளுக்கு, அதற்கப்புறம் வந்த அழுகை கேட்கவே இல்லை. அவள் கண்ணை மூடும்போதெல்லாம் அந்த அறையில் குழந்தை இன்னும் அழாமலே கிடக்கிறது. அவள் முழுதாக மீள மாதங்கள் ஆயின, மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். ஆனால் முதல் தூக்கம் அன்று மத்தியானமே வந்தது. மிச்சத்தை நான் சொன்னேன். ஒரு நிமிடம் போல ஆயிற்று, சிஸ்டர் பாதத்தில் தட்டினார், குழந்தை முதலில் ஒரு விக்கல், பிறகு தும்மல், பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரு குரல். "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள். மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை அந்த அழுகையை அப்படியே செய்து காட்டினேன், வயதுக்கேற்ற வேலையா என்று யோசிக்காமல். அந்தச் சத்தத்தில் தொட்டிலில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டு வீல் என்று அலறிற்று. ரேவதியின் அம்மா தூக்கப் போனார். ரேவதிக்கு அதற்குள் இமை செருகிவிட்டது. "தூக்காதம்மா. அழட்டும். கொஞ்ச நேரம் அழட்டும்."

என் முறை

போன வருடம் கர்ப்பப்பைக் கட்டிக்காக நானே மேஜையில் படுத்தேன். மயக்கம் கொடுத்தவர் என் ஜூனியர் டாக்டர் நசீமா. ஆயிரக்கணக்கானவர்கள் போவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன், இன்று நானே போகும் அந்தக் கணத்தைக் கண்கொட்டாமல் கவனித்துவிடுவது என்று உறுதியாக இருந்தேன். எது முதலில் போகிறது, பார்வையா, சத்தமா, 'நான்' என்ற நினைப்பா? ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்கிறேன், நீ காகிதத்தில் குறித்துக்கொள் என்று நசீமாவிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். விளக்கைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக, தெளிவாக இருந்தது. கண்ணை மூடித் திறந்தேன், ஜன்னலில் மாலை வெயில். காகிதத்தைக் கொடு என்று கையை நீட்டினேன். நசீமா அதைக் கொடுக்காமல் தானே படித்தார்: "'நல்லா முழிச்சிருக்கேன், எழுதிக்கோ'ன்னு ரெண்டு தடவை சொன்னீங்க மேடம், அதுக்கப்புறம் பூரா குறட்டை."

ஆகவே, மயக்கம் என்றால் என்ன, அந்த நேரத்தில் நாம் எங்கே போகிறோம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: மன்னிக்க வேண்டும், சரியாக அந்த நேரம் பார்த்து நானும் தூங்கிவிட்டேன்.